மசில் பீச்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான்டா மோனிகா படகுத்துறைக்குத் தெற்கே 1930-களில் உருவான திறந்தவெளி உடற்பயிற்சித் திடல். அந்நாட்டு உடற்கட்டுப் பண்பாட்டின் முதன்மைப் பிறப்பிடங்களுள் ஒன்று. ஜிம்னாஸ்டிக்ஸ், மனிதக் கோபுரம், ஒருவரை ஒருவர் கைகளில் ஏந்தி நிறுத்தும் சாகசங்கள் ஆகியவற்றோடு எடைதூக்குதலும் இங்கு வளர்ந்தது. கடற்கரைக்கு வந்தோர் இலவசமாகக் கண்டு களித்தனர்.

பெண்களுக்கும் இடமளித்ததே இத்திடலின் தனிச்சிறப்பு எனலாம். எடை தூக்கினால் பெண்மை கெடும் என்று பரவலாக நம்பப்பட்ட காலத்தில், அப்பி 'பட்ஜி' ஸ்டாக்டன் தம் கணவர் லெஸ் உயர்த்திய கைகளின்மீது நின்று, 100 பவுண்டு பார்பெல்லைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். 1944 முதல் 'ஸ்ட்ரெங்த் அண்ட் ஹெல்த்' இதழில் பெண்களுக்கான பயிற்சிப் பகுதியும் எழுதினார். உடற்பயிற்சி வல்லுநர் ஜாக் லலேன், பின்னாளில் திரையில் ஹெர்குலிஸாக நடித்த ஸ்டீவ் ரீவ்ஸ் ஆகியோரும் இங்குப் பழகியவர்களே.

1950-களின் இறுதியில் நகர நிர்வாகம் திடலை மூடியது. பயிற்சியாளர்கள் அருகிலுள்ள வெனிஸ் கடற்கரைக்கு நகர்ந்தனர். மசில் பீச்சில் பழகிய ஜோ கோல்ட் 1965-இல் வெனிஸில் கோல்ட்ஸ் ஜிம் என்னும் உடற்பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். கருவிகள் பலவற்றைத் தம் கையாலேயே செய்தார். அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் அங்குப் பயின்றார். 1977-இல் வெளியான 'பம்பிங் அயர்ன்' ஆவணப்படம் அக்கூடத்தை உலகறியச் செய்தது.