சுமைகாரர் ஆசிரியரான ஊர்

எவரெஸ்ட் கதையை நான் டார்ஜிலிங்கிலிருந்துதான் தொடங்குவேன். நேபாளம் வெளியாருக்குக் கதவடைத்திருந்த காலம் அது. 1921-இல் பிரிட்டிஷ் குழு இங்கிருந்து புறப்பட்டுத் திபெத் வழியாகத்தான் மலையை நெருங்கியது. கூலி வேலை தேடி ஷெர்பாக்கள் இங்கே குடியேறினார்கள். மறு ஆண்டே, 1922-இல், எவரெஸ்ட் பனிச்சரிவில் ஏழு சுமைகாரர்கள் மாண்டார்கள்.

1953-இல் ஷெர்பா டென்சிங் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். நேருவும் மேற்கு வங்க முதல்வர் பி.சி. ராயும் முனைந்து நிற்க, 1954 நவம்பர் 4-இல் டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்றப் பயிற்சி நிலையம் பிறந்தது. எழுதப் படிக்கத் தெரியாத டென்சிங்தான் களப் பயிற்சி இயக்குநர்! அதற்கென்றே ஸ்விட்சர்லாந்து போய், மலையேற்ற ஆசிரியர் அர்னால்ட் கிளாட்ஹார்டிடம் சொல்லிக்கொடுக்கும் முறையைக் கற்றுவந்தார். நிலையத்தின் முதல் முதல்வர் மேஜர் ஜெயால் 1958-இல் சோ ஓயு மலையில் உயிர்விட்டார்.

1957-இல் உருவான நிலையத்தின் அருங்காட்சியகத்தில் பழைய பூட்ஸும் கயிறும் பனிக்கோடரியும் இருக்கின்றன. கூட்டம் மொய்ப்பது டென்சிங்கின் எவரெஸ்ட் உடைமைகள் முன்னால். நான் கோடரிப் பிடிகளைத்தான் பார்ப்பேன்; அவை மரம். அந்த மரப்பிடியை நம்பித்தான் ஒரு தலைமுறையே ஏறியிருக்கிறது. இதைப் பார்த்த பிறகு, ஷெர்பாக்களை வெறும் 'உதவியாளர்கள்' என்று எழுத எனக்குக் கை வருவதில்லை.