பல்லிக்கு ராத்திரி கண்ணு தெரிஞ்ச கதை

இரணியல்ல எங்க வீட்டு ட்யூப்லைட் பக்கத்துல ரெண்டு பல்லி நிரந்தரக் குடித்தனம். முந்தாநாள் கரண்டு போனப்போ ஒரு சந்தேகம்: இந்த இருட்டுல இதுக்கு என்னத்த தெரியும்? தோண்டிப் பார்த்தா நல்ல கதை மக்கா.

நம்ம கண்ணுல ரெண்டு வகை செல். மங்கின வெளிச்சத்துக்குக் கோல் செல். அதுல ரோடாப்சின் என்கிற புரதம். பகலுக்கும் நிறத்துக்கும் கூம்பு செல். அதுல வேற ஆப்சின்கள். பல்லியோட மூதாதைகள் ஓணான் மாதிரி பகல்ல வெயில் காய்ஞ்சவை என்பது கணக்கு. ரோடாப்சினுக்கு வேலை இல்லாம அதோட மரபணுவே தொலைஞ்சு போச்சு. பின்னால ராத்திரி வேட்டைக்கு மாறினப்போ? தொலைச்சது திரும்பி வருமா? கையில இருந்த கூம்பு செல்லையே பெருக்கி, கோல் மாதிரி ஆக்கிக்கிட்டுது.

கார்டன் வால்ஸ் என்ற அமெரிக்கர் 1942-லேயே இதைப் புத்தகத்தில் எழுதிட்டார். செல்லின் வடிவத்தைப் பார்த்தே ஊகிச்சது! மரபணு எதனால் ஆனதுன்னே தெளிவாகாத காலம் அது. 1962-ல் மனுஷன் போய்ச் சேர்ந்தார். 1992-ல் ஜப்பான்காரங்க டோக்கே பல்லியின் ரெண்டு ஆப்சின் மரபணுவைப் பிரிச்சுப் பார்த்தாங்க. ரெண்டுமே கூம்பு ஜாதி. முப்பது வருஷம் பிந்திட்டுது. எனக்கு அதுதான் மனசுல நிக்குது.

நஷ்டத்துல லாபமும் உண்டு. 2004-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதிச்ச ஒரு பல்லி இனம், மங்கின நிலா வெளிச்சத்திலும் நீலத்தையும் சாம்பலையும் பிரிச்சுக் கண்டுச்சு. அந்த வெளிச்சத்துல நமக்கு எல்லாமே கறுப்பு வெளுப்பு.

கரண்டு வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். ஒண்ணு வாயில ஈசலோட நிக்குது :-)