செய்தவனும் காரணமானவனும்

கைப்பேசியில் துப்பாக்கி விளையாட்டு ஆடும் பிள்ளை நாளை கொலைஞனாவானோ என்னும் அச்சம் கம்பம் பள்ளத்தாக்கின் இல்லங்களிலும் குடியேறியிருக்கிறது. அச்சம் இயல்பே, ஆயினும் பழியை எங்கே வைப்பது என்பதை வரலாற்றைக் கொண்டு நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

1999 ஏப்ரல் 20-ஆம் நாள் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் இரு மாணவர்கள் 12 மாணவரையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றனர். அவர்கள் 'டூம்' என்னும் விளையாட்டில் திளைத்தவர்கள் என்றதும் பழி விளையாட்டின்மேல் விழுந்தது. வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்க்கு விற்கலாகாதென்ற கலிபோர்னியச் சட்டம் 2011-இல் உச்ச நீதிமன்றத்தில் செல்லாதாயிற்று. விளையாட்டே வன்செயலை விளைவிக்கிறது என்பதற்குத் தக்க சான்றில்லை என்றது அம்மன்றம்.

நம் நாட்டில் 2019 மார்ச்சில் ராஜ்கோட் போலீசார் 'பப்ஜி'யைத் தடுத்து, ஆடிய இளைஞர்களைக் கைது செய்தனர். 2020 செப்டம்பரில் மத்திய அரசு அதைத் தடை செய்ததோ, நாட்டின் பாதுகாப்பைக் காரணங்காட்டி! அவ்விளையாட்டு பிறந்த தென் கொரியாவில் துப்பாக்கிக் கொலை அரிது. ஏனெனில் அங்கே துப்பாக்கி எளிதில் கைக்கு வருவதில்லை.

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரு பள்ளிவாசல்களில் ஒரு வெறியன் சுட்டதில் 51 பேர் ஷஹீதாயினர். அவனும் விளையாட்டுகளை ஆடியவனே. ஆனால் வெறுப்பை அவன் கற்றது தீவிர வலதுசாரிகளின் எழுத்துகளிலும் காணொளிகளிலும். துப்பாக்கி உரிமமோ 2017-இல் முறைப்படியே கிடைத்திருந்தது. அவனுக்கு நற்சான்று கூறியவர்களுள் ஒருவர் விளையாட்டால் பழக்கமான நண்பர்! உரிமம் வழங்குவதில் போலீசார் தவறினர் என்று 2020-இல் அரச விசாரணைக் குழு உரைத்தது.

ஃபிக்ஹ் கலையில் 'முபாஷிர்' என்பவன் நேரே செய்தவன். 'முதஸப்பிப்' என்பவன் காரணமானவன். பொதுவழியில் ஒருவன் கிணறு தோண்ட, அதில் மற்றொருவர் விழுந்து மாண்டால் தோண்டியவன் பொறுப்பாளி. வேறொருவன் பிடித்துத் தள்ளினாலோ, தள்ளியவனே பொறுப்பாளி. உதுமானியரின் 'மஜல்லா' 90-ஆம் விதியும் இதையே கூறும். ஆகவே கொன்றவனே முதற் குற்றவாளி. ஆயினும் தள்ளியவனைத் தண்டிப்பதால் கிணறு மூடிவிடாது. மூடுவது ஆள்வோர் கடமை. நியூசிலாந்து ஒரு மாதத்திற்குள், 2019 ஏப்ரலில், அரைத் தானியங்கு வகைத் துப்பாக்கிகளுள் பெரும்பாலானவற்றைத் தடை செய்து அக்கடமையைத் தொடங்கிற்று.

பள்ளிவாசலுக்குள் அம்போடு செல்பவர் அதன் முனையைப் பற்றிக்கொள்ளுமாறும், விளையாட்டுக்கேனும் சகோதரன்மீது ஆயுதத்தை நீட்டலாகாதென்றும் பணித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்). மனத்தையும் ஆயுதத்தையும் ஒருங்கே காத்த கட்டளைகள் இவை.

பெற்றோர்களே! பிள்ளையின் பொழுது நம்மிடமுள்ள அமானிதம். விளையாட்டுக்கு அளவு வையுங்கள். அதனினும் மேலாக, அவன் யாரை வெறுக்கக் கற்கிறான் என்று கேளுங்கள்.