கிணறும் கடலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஆயினும் அந்நிலம் பன்னூறாண்டுகளாகப் பயிர் விளைத்து வருகின்றது. மாரியிற் பொழியும் மழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. கோடையில் கமக்காரர் இறைப்பது அந்த மழையையே.

அந்நீர் தங்கும் முறை வியக்கத்தக்கது. பாறையினுள் ஊடுருவி நிற்கும் கடல்நீரின் மேல், அதனினும் இலேசான நன்னீர் மிதக்கின்றது. இராமபிரானின் அம்பினால் உண்டானதென ஐதிகம் கூறும் நவக்கிரி நிலாவரைக் கேணியில், மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் கண்கூடு. இதன் கணக்கை 1901இல் ஹெர்ஸ்பேர்க் என்னும் யேர்மானியர் விளக்கினார். கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் 1 அடி நிற்குமாயின், அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு. மேலே 1 அடி குறையுமாயின், நாளடைவில் உவர் 40 அடி மேலேறும்.

முன்னோர் இக்கணக்கை அறிந்திலராயினும், அவர்தம் கருவியே அவர்க்கு எல்லையாயிற்று. 1658 முதல் 1795 வரை நிலவிய ஒல்லாந்தர் ஆட்சியிலே, இங்கு விளைந்த புகையிலை திருவிதாங்கூர் வரை சென்றது. அப்பயிருக்கும் துலா மிதித்தே நீர் இறைத்தனர். மிதிப்பவர் களைத்தால் கிணறு இளைப்பாறிற்று.

1950ஆம் ஆண்டின் பின்னர் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின. 1970களின் தொடக்கத்தில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி தடுக்கப்படவே, கமம் மேலும் பெருகிற்று. இயந்திரத்திற்குக் களைப்பில்லை, கரையோரக் கிணறுகள் பல உவராயின. வயலுக்கிட்ட உரத்தின் நைத்திரேற்றும் நீரிற் கலந்தது. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லையைப் பல கிணறுகள் கடந்துள்ளன.

கிணற்றை ஆழமாக்குதல் இதற்குப் பரிகாரமன்று. அஃது உவரை அணுகுதலேயாம். மாரி முடிவிலும் கோடை முடிவிலும் நீர்மட்டத்தையும் உவரையும் அளந்து, அவ்வளவிற்கேற்ப இறைத்தலே முறை. ஒருவர் மிகுதியாக இறைப்பின் அயலவர் கிணறும் கெடுமாதலின், இஃது ஊர் கூடிச் செய்யவேண்டிய கடமை. கடலுக்கு வீணே ஓடும் மழையைத் தேக்கும் குளங்களும் கோயிற் கேணிகளும் தூரகற்றப்படல் வேண்டும்.

கும்பத்தில் நிறைக்கும் நீரும் கமத்திற்குப் பாயும் நீரும் ஒரே மழையின் கொடை. கேணியைத் தூய்மையாகப் பேணுவது திருப்பணி. கிணற்றை அளந்து இறைப்பதும் திருப்பணியேயாம்.