இந்தியன் தாத்தாவும் எங்கள் வீட்டுத் தாத்தாவும்

2024 ஜூலை 12, வெள்ளிக்கிழமை 'இந்தியன் 2' வெளியானது. மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. தங்கமணி, மகள், நான் மூவரும் பெங்களூரில் ஒரு மல்டிபிளெக்ஸுக்குக் கிளம்பிவிட்டோம். ஆர்வம் எனக்குத்தான். 28 வருடம் காத்திருந்தவன் ஆயிற்றே!

இடைவேளையில் மகள், "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?" என்றாள். தங்கமணி பாப்கார்னோடு சமாதானம் ஆகிவிட்டார். படம் முடிந்து படியிறங்கும்போது முன்னால் போன நாலு பையன்கள், படத்தில் மக்கள் போடும் 'கோ பேக் இந்தியன்' கோஷத்தையே ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை கிளையில் தமிழ் நண்பர்களிடமும் இதே பேச்சுதான். மூணு மணி நேர இழுவை, மேக்கப் ஒட்டவில்லை, 1996-லேயே எழுபதைத் தாண்டிய தாத்தாவுக்கு இப்போது நூறு தாண்டியிருக்க வேண்டுமே என்று ஆளுக்கொரு குறை. வெளியான சில நாட்களிலேயே படத்தில் 12 நிமிடங்களை வெட்டினார்கள். ஆனாலும் பேச்சு மாறவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். லாஜிக் இல்லை என்பதுதான் காரணம் என்றால், முதல் பாகத்தில் மட்டும் லாஜிக் எங்கே இருந்தது? ரெண்டு விரலை வைத்து ஒரு முதியவர் ஊரையே சாய்த்தபோது நாம் கேள்வி கேட்கவில்லையே. அப்போது விசில் அடித்த நாம் இப்போது ஏன் சிரிக்கிறோம்?

கொஞ்சம் பின்னால் போவோம்.

1996 மே மாதம். நான் ப்ளஸ் டூ முடித்திருந்தேன், சேலத்தில். அந்தத் தேர்தலில் ஊழல்தான் பெரிய பேச்சு. ஆளும் அ.தி.மு.க. சட்டமன்றத்தில் வெறும் 4 இடங்களுக்குச் சுருங்கியது. டில்லியில் ஹவாலா வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. சரியாக அந்த மாதம்தான் 'இந்தியன்' வந்தது. நேதாஜியின் படையில் இருந்த கிழவர், லஞ்சம் கேட்டுத் தன் மகளைச் சாகவிட்ட டாக்டரை டி.வி. நேரலையில் கொல்கிறார். தியேட்டரே எழுந்து நின்றது. எங்கள் அப்பாவும் கை தட்டினார். அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்.

கமலுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான். வசனம் சுஜாதா. நம் ஊர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பல வருடம் வேலை பார்த்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கெடுத்தவர். 'அந்நியன்' வசனமும் அவர்தான். 2008-ல் மறைந்துவிட்டார். இரண்டாம் பாகத்தில் அவர் இல்லாதது தெரிகிறது என்பது எங்கள் கிளையில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம்.

தனி ஆளாகத் தண்டனை கொடுக்கும் நாயகன் தமிழுக்குப் புதிதல்ல. 1954-ன் 'மலைக்கள்ளன்' காலத்திலிருந்தே இருக்கிறான். ஆனால் நம்மிடம் கைதட்டல் வாங்கிய படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 'நான் சிகப்பு மனிதன்' (1985) ரஜினி தாயையும் தங்கையையும் இழக்கிறார். 'ஜென்டில்மேன்' (1993) நாயகன் தாயையும் நண்பனையும் இழக்கிறான். 'ரமணா' (2002) விஜயகாந்துக்கு இடிந்து விழுந்த கட்டடத்தில் மனைவியும் குழந்தையும் போகிறார்கள். 'அந்நியன்' (2005) அம்பிக்குச் சின்ன வயதிலேயே தங்கை போகிறாள். ஹாலிவுட்டின் 'டெத் விஷ்' (1974) படத்திலும் முதலில் சாவது நாயகனின் மனைவிதான்.

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. வீட்டுக்கடன் கேட்டு வருபவரிடம் நாங்கள் கேட்பது, "உங்க மார்ஜின் எவ்வளவு சார்?" அவர் கைக்காசு கொஞ்சம் இறங்கினால்தான் வங்கிப் பணம் இறங்கும். சட்டத்தை மீறிக் கொலை செய்பவனுக்கு ரசிகன் கைதட்டலைக் கடனாகக் கொடுப்பதும் அப்படித்தான். முதலில் அவன் பங்கைப் போட்டிருக்க வேண்டும்.

முதல் பாகத்தில் சேனாபதி இரண்டு முறை போட்டார். லஞ்சம் கொடுக்க மறுத்து மகளை இழந்தார். கடைசியில், பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுத்து, பள்ளிக் குழந்தைகள் சாகக் காரணமான சொந்த மகனையே கொன்றார். அந்தக் காட்சியில் எங்கள் தியேட்டரில் யாரும் விசில் அடிக்கவில்லை. அப்பாவும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் பாகத்தில் அவர் இளைஞர்களிடம், முதலில் உங்கள் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்கிறார். சித்தார்த் செய்யும் பையன், லஞ்ச ஒழிப்புத் துறையில் இருக்கும் தன் அப்பாவே லஞ்சம் வாங்குவதைக் கண்டுபிடித்துக் காட்டிக்கொடுக்கிறான். அம்மா தற்கொலை செய்துகொள்கிறார். அவருக்குக் கொள்ளி போடவும் பையனை விடவில்லை. படத்தில் மிச்சம் இருக்கும் ஒரே நிஜமான இடம் இதுதான் என்பேன். ஆனால் மார்ஜின் போட்டது பையன், கைதட்டல் கேட்டு நிற்பது தாத்தா. ரசிகனுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. படமாவது அந்த இடத்தில் நின்று யோசித்ததா என்றால், அதுவும் இல்லை. சண்டைக்கும் துரத்தலுக்கும் ஓடிவிட்டது.

காலமும் மாறிவிட்டது. 1996-ல் லஞ்சத்துக்கு ஒரு கவுண்டரும் ஒரு முகமும் இருந்தது. அதன் பிறகு 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. கர்நாடகத்தில் 2012-ல், குறித்த நாளுக்குள் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும் என்று 'சகாலா' வந்தது. 2011 ஜூலையில் லோக் ஆயுக்தா நீதிபதி சந்தோஷ் ஹெக்டே சட்டவிரோதச் சுரங்கம் பற்றி அறிக்கை கொடுத்தார், அந்த மாதக் கடைசியில் முதல்வர் எடியூரப்பா பதவி விலகினார். ஒரு கத்திக்குத்தும் இல்லாமல் நடந்ததைக் கண்ணால் பார்த்தோம். 2016-ல் சி.பி.ஐ. நீதிமன்றம் லஞ்ச வழக்கில் அவரை விடுவித்ததும், 2019-ல் அவர் மீண்டும் முதல்வரானதும் பிறகு நடந்தவை. சட்டம் இப்படித்தான் முன்னும் பின்னுமாகப் போகும். பொறுமை இல்லாதவனுக்கு வர்மக்கலை பிடிக்கத்தான் செய்யும்.

ஆனால் இந்த ஊர்த் தமிழனுக்கு, சட்டத்தைக் கையில் எடுப்பவன் திரைக்கு வெளியிலும் பழக்கம். 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி நம்மவர் வீடுகள் தாக்கப்பட்டதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்ததை நாங்களே பார்த்தோம். 2025 ஜூனில் கமலின் 'தக் லைஃப்' கன்னட மொழி பற்றிய அவர் பேச்சால் கர்நாடகத்தில் வெளியாகவில்லை. கும்பல்கள் தெருவைக் கையில் எடுக்க விடமுடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியும் இங்கே படம் வரவில்லை. தெருவில் இறங்கிய ஒவ்வொருவனும் தான் நியாயத்துக்காக நிற்பதாகத்தான் நினைத்திருப்பான். சேனாபதியும் அப்படித்தானே நினைத்தார்?

சரி, அந்தச் சனிக்கிழமைக்கே வருகிறேன். திரும்பும்போது மெட்ரோவில் மகள் கேட்டாள்.

"அந்த அண்ணன் பண்ணது சரியாப்பா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் விடவில்லை.

"நம்ம தாத்தா வாங்கியிருக்காரா? வாங்கியிருந்தா நீ சொல்லியிருப்பியா?"

தங்கமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. எனக்குத் தெரிந்து அவர் காசு வாங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் நாள் இரவு யாரோ ஒருவர் சைக்கிளில் வந்து, ஒரு பட்டாசுப் பெட்டியும் இனிப்பும் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். யார், எதற்கு என்று அம்மாவும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அப்பா கை தட்டிய அந்த 1996 தீபாவளிக்கும் பெட்டி வந்தது.

மகளிடம் அதை அப்படியே சொன்னேன். ரெண்டு ஸ்டேஷன் வரை எதுவும் பேசவில்லை. பிறகு, "நீ வெடிச்சியாப்பா?" என்றாள்.

"வெடிச்சேன்" என்றேன்.