ஊற்றைக் காத்த சட்டம்: அமெரிக்க எல்லைப்புறத்தில் பொது உப்பு நிலங்களின் குத்தகையும் விற்பனையும், 1796–1887

1818இல் இல்லினாய் மாநிலம் தனக்கென எழுதிக்கொண்ட அரசியலமைப்பின் ஆறாம் உறுப்பு, அடிமைமுறையை இனி அம்மண்ணில் புகுத்தக் கூடாது என்று தொடங்குகிறது. அடுத்த பிரிவிலேயே ஒரு விலக்கு வருகிறது. வேறு மாநிலங்களில் வேலைக்குக் கட்டுண்டவர்களை இங்கே கூலிக்கு அமர்த்தக் கூடாது; ஷானிடவுன் அருகே உப்புக் காய்ச்சுவதற்கு ஒதுக்கப்பட்ட நிலத்தில் மட்டும் அமர்த்தலாம். அதுவும் ஒரு தடவைக்கு ஓராண்டுக்கு மிகாமல். 1825க்குப் பின் அறவே கூடாது. ஓர் உப்பு ஒதுக்கீட்டின் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு மனித நிலை, அந்தப் பக்கம் வேறொரு மனித நிலை. அந்த நிலம் தனியார் சொத்து அன்று. மக்களின் பயனுக்கென்று மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்ட பொதுச் சொத்து அது.

அமெரிக்கப் பொது உப்பு நிலங்களின் வரலாற்றை அரசு நிர்வாகத்தின் தோல்வியாகவும், விற்பனையை அதற்கான தீர்வாகவும் காண்பது எளிது. அந்தப் பார்வை போதாது என்பது என் வாதம். பொது உடைமை என்ற கொள்கையைவிட, சட்டம் எதை உப்பு என்று கருதியது என்பதே இங்கே விளைவைத் தீர்மானித்தது. சட்டம் ஊற்றைக் காத்தது. ஆனால் உப்பு ஊற்றிலிருந்து மட்டும் வரவில்லை. காட்டு விறகிலிருந்தும், கொப்பரை முன் நின்றவர்களின் உழைப்பிலிருந்தும், நிலத்தடிப் பாறையிலிருந்தும் வந்தது. இம்மூன்றையும் சட்டம் காணவில்லை. கண்ட இடத்தில், ஷானிடவுனில்போல, காய்ச்சுபவரின் வசதிக்கே வளைந்தது.

அலிகெனி மலைக்கு மேற்கே குடியேறியவர்களுக்கு உப்பு இல்லாமல் குளிர்காலம் இல்லை. பன்றியிறைச்சி உப்பில்தான் தங்கும். கடற்கரை உப்பு மலையேறி வந்து சேரும்போது விலை பலமடங்காகியிருக்கும். ஊற்றைப் பிடித்தவர் அந்த வட்டாரத்தையே பிடித்தவர். இந்த அச்சத்திலிருந்துதான் 1796ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின் உப்பூற்றுப் பிரிவு பிறந்தது. நில அளவையர்கள் உப்பூற்றுகளையெல்லாம் களக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். ஊற்று உள்ள 640 ஏக்கர் சதுர மைல் கண்டம் விற்பனையிலிருந்து விலக்கப்படும். 1802இல் ஒஹையோவை மாநிலமாக்க வழிவகுத்த சட்டம் சயோட்டோ ஊற்றுகளையும் மஸ்கிங்கம் பக்கத்து ஊற்றுகளையும் மாநிலத்துக்கு அளித்து, ஒரு நிபந்தனை போட்டது: ஒருபோதும் விற்கக் கூடாது, பத்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவும் கூடாது. 1816இல் இண்டியானாவுக்கும், 1818இல் இல்லினாய்க்கும், 1820இல் மிசூரிக்கும் இதே வாசகம் ஏறக்குறைய அப்படியே போனது. மிசூரியிலிருந்து ஒரு கணக்கும் நிலைத்தது: பன்னிரண்டு ஊற்றுகள், ஒவ்வொன்றையும் ஒட்டி ஆறு கண்டங்கள், மொத்தம் 46,080 ஏக்கர்.

இல்லினாய்க்குப் போன இந்த வாசகத்துக்கு முன்னே இன்னோர் ஆவணம் இருக்கிறது. 1803 ஜூனில் கையெழுத்தான ஃபோர்ட் வெய்ன் உடன்படிக்கையில் அமெரிக்க அரசின் சார்பில் வில்லியம் ஹென்றி ஹாரிசன், டெலவேர், ஷானி, மயாமி முதலிய பழங்குடிகளிடமிருந்து ஷானிடவுன் அருகேயுள்ள சலைன் ஓடையின் பெரும் உப்பூற்றையும் சுற்றியுள்ள நிலத்தையும் பெற்றார். ஈடாக ஆண்டுக்கு 150 புஷலுக்கு மிகாமல் உப்பு, அதுவும் அத்தனை குடிகளும் பங்கிட்டுக்கொள்ள. அந்த ஊற்றங்கரையில் ஐரோப்பியர் வருமுன்னரே அகன்ற மண் தட்டுகளில் உப்பு விளைந்திருக்கிறது. அத்தட்டுகளின் ஓடுகள் இன்றும் அங்கே கிடைக்கின்றன. ‘மக்களின் பயனுக்கு’ என்று சட்டம் சொன்ன மக்களுள் இவர்கள் இல்லை. பொதுச் சொத்து என்ற சொல்லை இந்த வரலாற்றில் ஆளும்போதெல்லாம் இதை நினைவில் வைத்தே ஆள வேண்டும்.

பத்தாண்டு வரம்பு நல்ல நோக்கத்தில் பிறந்தது. ஒரு குடும்பமோ கம்பெனியோ ஊற்றை நிரந்தரமாக வளைத்துக்கொள்ளாமல் தடுப்பதே அதன் கருத்து. களத்தில் அது வேறு விதமாக வேலை செய்தது. உவர்நீரில் உப்பு குறைவு, தண்ணீர் அதிகம். அந்தத் தண்ணீரை ஆவியாக்க வரிசை வரிசையாக இரும்புக் கொப்பரைகள் இரவும் பகலும் எரிய வேண்டும். பத்தாண்டில் வெளியேற வேண்டிய குத்தகைதாரர் முதலில் அருகிலுள்ள மரத்தை வெட்டுவார். மறுபடி வளர அவர் காத்திருக்கப் போவதில்லை. ஷானிடவுன் ஒதுக்கீட்டில் காடு பின்வாங்கப் பின்வாங்க, உலைகளும் அதன் பின்னால் நகர்ந்தன; குடைந்த மரத்துண்டுகளைக் கோத்துக் குழாயாக்கி உவர்நீரை உலைக்கு அனுப்பினார்கள். ஊற்று அசையவில்லை, உலை அசைந்தது. காட்டைக் கணக்கில் எடுக்காத ஒரு சட்டத்தின் விளைவை இதைவிடத் தெளிவாக நிலத்தில் வரைய முடியாது.

ஒஹையோவில் வாடகை முறையும் இதற்குத் துணை போனது. சயோட்டோ காய்ச்சிடங்களில் வாடகை, விளைந்த உப்பின் அளவுக்கன்றிக் கொப்பரையின் கொள்ளளவுக்கு விதிக்கப்பட்டது. நீர்த்த உவர்நீரானாலும் கொப்பரை கொப்பரைதான். ஆகவே வாடகை கொடுத்தவர் அதை ஒரு நாளும் ஆறவிட மாட்டார். இதற்கிடையே 1808இல் மேற்கு வர்ஜீனியப் பகுதியின் கனாவா பள்ளத்தாக்கில் ரஃப்னர் சகோதரர்கள் பாறையைத் துளைத்துக் கெட்டியான உவர்நீரை எட்டிவிட்டார்கள். அந்த உப்பு ஆற்று வழியே மலிவாக இறங்கியது. சயோட்டோ உலைகள் அணைந்தன. கனாவா தனியார் நிலம், அங்கும், ஷானிடவுனில்போல, கொப்பரை முன் நின்றவர்கள் பெரும்பாலும் அடிமைகளே. 1817இல் அவ்வுரிமையாளர்கள் கூடிக் கம்பெனி அமைத்து உற்பத்தியைத் தமக்குள் பங்கிட்டு விலையைத் தாங்கினார்கள். 1796இன் அச்சம் வீணானதல்ல என்பதற்கு இதுவே சான்று. சட்டம் அஞ்சிய ஏகபோகம் வரத்தான் செய்தது. ஆனால் அது ஒதுக்கீட்டு எல்லைக்கு வெளியே வந்தது.

பொது நிர்வாகமே இயலாத காரியம் என்பாருக்கு நியூயார்க் மாநிலத்தின் ஒனொண்டாகா பதில் சொல்கிறது. 1797 முதல் அங்கே மாநிலமே கண்காணிப்பாளரை அமர்த்தியது. உப்பைத் தரம் பார்த்தது, புஷல் கணக்கில் தீர்வை வாங்கியது. பிற்காலத்தில் கிணறு தோண்டி உவர்நீரை இறைத்து உற்பத்தியாளர்களுக்கு வழங்கியது. 1817இல் புஷலுக்கு 12½ சென்ட் என்று நின்ற தீர்வை ஈரி கால்வாய் நிதிக்குப் போனது. ஊற்றுகளை விற்கக் கூடாதென்று 1821இல் மாநில அரசியலமைப்பே தடை செய்தது. 1862இல் ஆண்டு விளைச்சல் 90 லட்சம் புஷலைத் தாண்டியது. ஒனொண்டாகா பழங்குடி மக்களிடமிருந்து அந்த ஊற்றுகள் இருந்த ஏரிக்கரை கைமாறிய விதம் தனிக் கதை, அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நிர்வாகம் என்ற அளவில் மட்டும் பார்த்தால், மேற்கு மாநிலங்கள் நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்தன. நியூயார்க் உவர்நீருக்குச் சொந்தக்காரராக இருந்தது. வேறுபாடு அங்கேதான்.

‘ஒருபோதும் விற்கக் கூடாது’ என்ற சொல் ஒஹையோவில் இருபத்திரண்டு ஆண்டு நிலைத்தது. 1824 டிசம்பரில் காங்கிரஸ் விற்க அனுமதித்தது. 1828இல் இல்லினாய்க்கும், 1832இல் இண்டியானாவுக்கும் அனுமதி கிடைத்தது. தடையைப் போட்டது காங்கிரஸ், விலக்கியதும் காங்கிரஸ். பயனாளிகளாகிய மக்களுக்கு வழக்காடும் வழி ஏதும் அதில் இல்லை. இண்டியானா தன் பணத்தைக் கல்விக்கு வைத்தது. இல்லினாய் தன் பணத்தில் ஒரு பங்கை ஆல்டன் சிறைச்சாலைக்குச் செலவிட்டது. மிச்சிகன் 22 கண்டங்களை 1855இல் தன் வேளாண் கல்லூரிக்கும், அதற்கு முன்பே 25 கண்டங்களை ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கும் கொடுத்தது. விஸ்கான்சினுக்கு உப்பூற்றுகளுக்குப் பதிலாகப் பல்கலைக்கழகத்துக்கென 72 கண்டங்கள் கிடைத்தன. இப்பள்ளிகள் நல்ல பள்ளிகள். அவற்றின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் கணக்கேட்டின் வரவுப் பக்கத்தில் கல்லூரி இருப்பதால் பற்றுப் பக்கம் அழிந்துவிடாது. சலைன் ஓடையின் அடிமைக் கூலிக்கும், கைவிட்டுப்போன காட்டுக்கும் அந்த ஏட்டில் இடமே விடப்படவில்லை.

நெப்ராஸ்காவில் நீதிமன்றம் இறுதிவரை ஊற்றைக் காத்தது. லிங்கன் நகரையொட்டிய உப்பூற்று நிலத்தில் மார்ட்டன் என்பவரும் பிறரும் 1859இல் படைவீரர் மானியப் பத்திரங்களைக் கொண்டு உரிமை பதிந்திருந்தார்கள். அளவையர் ஊற்றைக் களக் குறிப்பேட்டில் எழுதியிருந்தார். அது பொது வரைபடத்துக்கு ஏறவில்லை. 1874இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த உரிமைகள் செல்லாதென்றது: உப்பு நிலத்தை விற்பனையிலிருந்து விலக்குவது ஆதி முதல் நாட்டின் கொள்கை.

கான்சஸ் 1863இல் எம்போரியா ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குத் தன் உப்பு நிலங்களை மானியமாக எழுதிவைத்தது. அப்போதும் ஊற்றுகளையும், ஒவ்வோர் ஊற்றும் அமைந்த கண்டத்தையும், கூடவே இன்னொரு கண்டத்தையும் கவனமாக விலக்கித் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1887இல் ஹட்சின்சன் அருகே எரிவாயு தேடித் துளையிட்டவர்களின் கருவி, நிலத்தடியில் தடித்த கல்லுப்புப் படுகையைத் தொட்டது. மாநிலம் தன்னிடம் வைத்துக்கொண்ட ஊற்றுகளுள் அந்த இடம் ஒன்றல்ல.