சிவப்புப் புள்ளி யாருக்குத் தெரியும்?

போன கிழமை பாடம் முடிந்து கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் மேசையடியில் வந்து நின்றான். தென்னாபிரிக்க வேட்டை வீடியோ ஒன்றை ஃபோனில் பார்த்திருக்கிறான். துவக்கின் தொலைநோக்கிக்குள், காட்டெருமையின் தோளில், ஒரு சிவப்புப் புள்ளி எரிந்ததாம்.

“சேர், அந்தப் புள்ளி எருமைக்கும் தெரியுமா?”

“தெரியாது” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது ஒரு சொல்லில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை என்று பட்டது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

சினிமாவில் வருகிற லேசர் வேறு. அது துவக்கிலிருந்து புறப்பட்டுப் போய் எதிரில் இருப்பதன் மேல் விழும். அவன் பார்த்த புள்ளி தொலைநோக்கியை விட்டு வெளியே போவதில்லை. குறி பார்ப்பதற்காக உள்ளே ஒரு கூட்டல் அடையாளம் போல மெல்லிய கறுப்புக் கோடுகள் இருக்கும். அவை சந்திக்கும் இடத்தை மட்டும் ஒரு சின்ன விளக்கு ஒளிரவைக்கிறது. அந்த ஒளி வருவது சுடுகிறவரின் கண்ணுக்கு. எருமையின் மேல் எதுவும் விழுவதில்லை.

அப்படியானால் இது எதற்கு? விடை அந்த நிலத்தின் அந்தியில் இருக்கிறது.

வட ஐரோப்பாவில் கோடைகால அந்தி நெடுநேரம் நீளும். லிம்போபோ ஆற்றங்கரையில் அப்படியல்ல. சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்துக்குள் மரமும் மண்ணும் மிருகமும் ஒரே நிறமாகிவிடும். பெரிய விலங்குகள் பல நடமாடுவதும், சிறுத்தை இரைக்கு வருவதும் அந்த நேரத்தில்தான். எருமையோ பட்டப்பகலிலும் மொப்பானி மரங்களின் நிழலுக்குள் கறுப்பாக நிற்கும். கறுப்பு உடம்பின் மேல் கறுப்புக் கோட்டை வைத்தால் கோடு எங்கே, உடம்பு எங்கே? பார்வை ஒரு சாண் பிசகினால் ரவை நெஞ்சுக்குப் பதிலாக வயிற்றில் பாயும். விலங்கு உடனே சாகாது. புதருக்குள் போய்விடும்.

இந்தப் பிரச்சினை பழையது. ஸ்கொட்லாந்துக்காரரான ரொலீன் கோர்டன் கம்மிங் 1840களில் தென்னாபிரிக்காவின் உட்பகுதிகளில் ஐந்து வருடம் வேட்டையாடினார். நீர்நிலைகளின் ஓரத்தில் குழி வெட்டி, இரவில் அதற்குள் பதுங்கி, தண்ணீர் குடிக்க வந்த யானைகளையும் காண்டாமிருகங்களையும் சுட்டார். 1850இல் அதைப் புத்தகமாக எழுதினார். கொண்டுபோன தந்தங்களையும் கொம்புகளையும் 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் மக்கள் பார்த்தார்கள். இருட்டில் காயப்பட்டு ஓடிப்போய் எங்கோ கிடந்து செத்தவை எந்தக் கண்காட்சிக்கும் வரவில்லை.

பின்னர் லண்டன் துவக்குத் தொழிலாளர்கள் ஒரு வழி கண்டார்கள். குழலின் முனையில் மடித்து நிமிர்த்தக்கூடிய ஒரு வெள்ளை மணி. தேவையில்லாதபோது படுத்திருக்கும், இருட்டும்போது நிமிர்த்திக்கொள்ளலாம். நிலவில் பயன்படுவதால் அதற்கு ‘நிலாக் குறி’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அதற்கு விரும்பப்பட்ட பொருள்களில் ஒன்று ஆபிரிக்கக் காட்டுப்பன்றியின் தந்தம், ஏனென்றால் அதன் வெண்மை எளிதில் பழுப்பதில்லை. இன்றைய சிவப்புப் புள்ளிக்கு மூத்த உறவு இந்த மணிதான்.

கண்ணாடி மெதுவாகத்தான் வந்தது. ஆரம்பகாலத் தொலைநோக்கிகளைப் பெரிய வேட்டைக்குப் போனவர்கள் அவ்வளவாக நம்பவில்லை. கனமான ரைபிளின் உதைப்பில் ஆடும், ஈரத்தில் மங்கும். அதோடு பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளி திரும்பித் தெறித்துவிடும். பல வில்லைகள் கொண்ட குழாயில் இந்த இழப்பு கொஞ்சமல்ல. 1935இல் ஜேர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் வேலை செய்த உக்ரேனியரான ஸ்மாகுலா, இந்தத் தெறிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் மங்கல் ஒளியில் தொலைநோக்கி உண்மையில் உதவத் தொடங்கியது.

ஜேர்மனியில் இன்னொரு காரணமும் இருந்தது. அங்கு காட்டுப்பன்றியை நிலவொளியில் வேட்டையாடும் வழக்கம் உண்டு. ஆனால் 1952ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் இலக்கின் மேல் செயற்கை வெளிச்சம் அடிப்பதைத் தடுத்தது. விலங்கின் மேல் ஒளி விழக்கூடாது, குறிக்கு மட்டும் ஒளி வேண்டும் என்றால் என்ன செய்வது? தொலைநோக்கிக்கு உள்ளேயே விளக்கை வைப்பதுதான் பொருத்தமான வழி.

இந்தக் கதையில் தென்னாபிரிக்காவுக்கும் சொந்தப் பங்கு உண்டு. அங்கு தயாரான ‘ஆர்ம்சன்’ என்ற குறிக்கருவியின் முன்பக்கம் முழுவதும் அடைப்பு. ஒரு கண் அதற்குள் ஒளிரும் புள்ளியை மட்டும் பார்க்கும். மற்றக் கண் வெளியே இலக்கைப் பார்க்கும். இரண்டையும் ஒன்றாக்குவது மூளை! அங்கு பிறந்த பொறியியலாளர் கிளின் பிண்டன் 1981இல் அமெரிக்காவில் இதை விற்க ஒரு நிறுவனம் தொடங்கினார். 1985இல் அது ‘டிரிஜிகோன்’ ஆனது. பற்றரி இல்லாமல் டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயுவால் ஒளிரும் குறிகளுக்கு இன்று உலகறிந்த பெயர் அது. டிரிட்டியத்தின் அரைவாழ்வு சுமார் 12.3 வருடம். ஆகவே அந்த ஒளியும் மெல்ல மெல்ல மங்கும்.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருகிறேன்.

காயப்பட்ட எருமையோ சிறுத்தையோ புதருக்குள் போனால் அதைத் தேடிப் போயே ஆகவேண்டும். அது அங்குள்ள வேட்டை ஒழுங்கு. யார் முன்னால் போவது? பெரும்பாலும் உள்ளூரைச் சேர்ந்த தடம் பார்ப்பவர். குனிந்து, மண்ணைப் பார்த்து, இரத்தத் துளியைப் பார்த்து நடப்பார். பணம் கொடுத்துச் சுட்டவர் பின்னால் வருவார். அந்தியில் பிசகிய ஒரு குறிக்கு முதலில் விலை கொடுப்பது விலங்கு. அடுத்து விலை கொடுக்கக்கூடியவர் இந்த மனிதர். அறுக்கும் கத்தியைக் கூராக்கிக்கொள் என்று சொல்லி வளர்க்கப்பட்ட எங்களுக்கு, ஓர் உயிரை எடுக்கும்போது அதை வதைக்காமல் எடுக்கவேண்டும் என்பதைப் புதிதாக யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த வகையில் சிவப்புப் புள்ளி நல்லதே செய்கிறது.

ஆனால் அதற்கு எல்லை உண்டு. துவக்கு எங்கே பார்க்கிறது என்பதை அது காட்டும். அங்கே நிற்பது எது என்பதைக் காட்டாது. ஒளியைக் கூட்டினால் கண்மணி சுருங்கி, சுற்றியிருப்பது இன்னும் இருட்டாகிவிடும். மரத்தில் தொங்கும் இரைக்கு வந்தது ஆண் சிறுத்தையா, குட்டிகளை விட்டுவிட்டு வந்த தாயா? மொசாம்பிக்கின் நியாஸாவில் 6 வயதுக்குக் குறைந்த சிங்கத்தைச் சுடக்கூடாது என்பது விதி. பிடரியையும் மூக்கின் நிறத்தையும் பார்த்துத்தான் வயதைக் கணிக்கவேண்டும். அதற்குப் புள்ளி உதவாது. வெளிச்சம் போய்விட்டால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான்.

சட்டங்களும் ஒளியைக் கவனித்தன. நமீபியாவின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் இரவு வேட்டையைக் கட்டுப்படுத்தியது. தென்னாபிரிக்காவின் 2007ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், பாதுகாக்கப்பட்ட விலங்குகளை வெள்ள விளக்கடித்து வேட்டையாடுவதை, சில விதிவிலக்குகளுடன், தடுக்கப்பட்ட முறைகளில் சேர்த்தன. நல்ல விடயம்தான். ஆனால் வேட்டைச் சட்டங்களுக்கு இன்னொரு முகமும் உண்டு. அனுமதிப்பத்திரமும் ரைபிளும் உள்ளவர் வேட்டைக்காரர், கண்ணியும் நாயும் வைத்திருந்த உள்ளூர்வாசி திருடன் என்பதே காலனித்துவ காலத்துக் கணக்கு. குரூகர் பூங்காவின் முதல் காப்பாளரான ஸ்டீவன்சன் ஹமில்டனுக்கு அங்குள்ள மக்கள் வைத்த பெயர் ‘ஸ்குகுஸா’. கூட்டித் துடைப்பவர் என்று பொருள். துடைக்கப்பட்டவர்கள் வைத்த பெயர் அது. பொட்சுவானாவின் மத்திய களகாரியில், நஞ்சு அம்போடு தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய சான் மக்களுக்கு வேட்டை அனுமதி மறுத்தது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2006 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரவு யாருக்கும் சொந்தமில்லை. தென்னாபிரிக்காவில் 2007இல் 13 காண்டாமிருகங்கள் களவாகக் கொல்லப்பட்டன. 2014இல் 1,215. முழுநிலவு வந்தால் காவலர்களுக்குத் தூக்கம் இல்லை. கம்மிங் குழிக்குள் காத்திருந்ததும் இதே நிலவுக்காகத்தான்.

அந்த மாணவனுக்கு நாளை மீதிப் பதிலையும் சொல்லவேண்டும். மகன், அந்தப் புள்ளி எருமைக்குத் தெரியாது. முன்னால் குனிந்து நடக்கிற மனிதருக்கும் தெரியாது. அது தெரிவது விசையில் விரல் வைத்திருப்பவருக்கு மட்டும்தான். அதனால் பொறுப்பும் முழுக்க அவருடையது.

வாசித்தவர்கள் உங்கள் கருத்தையும் எழுதுங்கள். வகுப்பில் பேசும்போது உதவும்.